திரைக்கு வெளியே ஒரு விரல்

பரங்கிப்பேட்டையில் எனக்கு நிறையப் பேரைத் தெரியும் என்று பெருமையடித்துக்கொள்ளலாம். ஆனால் அதில் பாதிப் பேரின் முகம் தெரியாது. விரல் மட்டும்தான் தெரியும். நடைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு துணித் திரை தொங்கும். இந்தப் பக்கம் நான், என் ஊசி, பஞ்சு, ஸ்பிரிட் புட்டி, கண்ணாடித் தகடு. அந்தப் பக்கம் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரை ஓரமாக ஒரு கை வரும். கை முழுக்க வெள்ளைக் கைக்குட்டை சுற்றியிருக்கும், மோதிர விரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்நிய ஆண் தொடக்கூடாது இல்லையா, அதற்காக. நான் கைக்குட்டையோடு சேர்த்துப் பிடித்து, விரல் நுனியில் ஒரு குத்து குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைத் தகட்டில் தடவிக்கொள்வேன். கை உள்ளே போய்விடும். சில வீடுகளில் போய்ட்டு வாங்க என்றுகூடச் சொல்ல மாட்டார்கள்.

அறுபதுகளின் நடுவில் நான் மலேரியா ஒழிப்பு இன்ஸ்பெக்டர். மூக்குக்கு மேல் கோபம் வருகிற ஆள் என்று கடலூர் ஆபீசில் பெயர் வாங்கியிருந்தேன். அதனால்தானோ என்னவோ, யாரும் விரும்பாத வேலையை என் தலையில் கட்டினார்கள். கடல் கடந்து வருகிறவர்கள், போகிறவர்கள் எல்லோரையும் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிற குடும்பங்களுக்கு ரத்தம் பார்க்க வேண்டும். கொழும்புக்குக் கடை வைக்கப் போகிறவர்களுக்கும் ரத்தம் பார்த்து, முடிவை அட்டையில் எழுதி அக்கரைக்கு அனுப்ப வேண்டும். இலங்கையில் அப்போது மலேரியா கிட்டத்தட்டப் போயே போய்விட்டது. அதனால் அவர்களுக்கு எங்களைக் கண்டால் பயம். எங்களுக்குப் பர்மாவைக் கண்டால் பயம். மூன்று தேசங்களுக்கும் நடுவில் சைக்கிள் மிதித்துக்கொண்டு நான்.

அக்கரையில், தலைமன்னாரில் என் மாதிரியே ஒருவர் இருந்தார். நான் அனுப்புகிற அட்டைகளை வாங்கிக்கொண்டு, அவர் பக்கத்து அட்டைகளை எனக்கு அனுப்புவார். எல்லாம் இங்கிலீஷில், ஆபீஸ் பாஷையில். ஓரத்தில் மட்டும் பென்சிலால் தமிழில் ஒரு வரி எழுதியிருப்பார். ‘இங்கு கடும் காற்று.’ ‘இங்கு மீன் இல்லை.’ நானும் பதிலுக்கு எழுதுவேன். ‘இங்கு வெயில்.’ இப்படியே வருஷக்கணக்கில் பேசிக்கொண்டோம். அவருக்குத் தலை நரைத்திருந்ததா, கல்யாணம் ஆகியிருந்ததா, ஒன்றும் தெரியாது. ஆனாலும் எனக்குச் சிநேகிதர் யார் என்று கேட்டால் அவரைத்தான் சொல்லியிருப்பேன். கேட்கத்தான் ஆளில்லை.

நான் தங்கியிருந்தது சிதம்பரத்தில், வடக்கு வீதியை ஒட்டி ஒரு மாடி அறை. மெஸ்ஸில் சாப்பாடு. நாளெல்லாம் ஊர் சுற்றினாலும் என் வாயிலிருந்து வருவது ஒரே கேள்விதான்: “வூட்டுல யாருக்காவது காய்ச்சல் இருக்கா?” ஆயிரம் வாசலில் இதையே கேட்கிறவனை யார் உட்கார வைத்துக் காப்பி கொடுப்பார்கள்? ஒரு தடவை கல்யாண வீடு என்று கவனிக்காமல் வாசலில் நின்று கேட்டுவிட்டேன். பெண்ணுக்குத் தாய்மாமன் பந்தலை விட்டு ஓடி வந்தார்.

“நல்ல காரியம் நடக்குற எடத்துல வந்து காய்ச்சல் இருக்கா, சீக்கு இருக்கான்னு கேக்குறியே, அறிவு இருக்காய்யா ஒனக்கு?”

“அறிவு இருந்தா இந்த வேலைக்கு வருவேனா?” என்றேன். அடி விழாதது என் அதிர்ஷ்டம்.

ஊரில் என் பெயர் யாருக்கும் தெரியாது. கொசு சார் என்பார்கள். டீக்கடைக்காரர் தூரத்தில் பார்த்ததுமே, “வாங்க கொசு சார், இன்னிக்கு யாரு ரத்தம் குடிச்சீங்க?” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஞாயிற்றுக்கிழமைகள்தான் மோசம். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்கக்கூட வாசல் கிடையாது. தேரோட்டத்தன்று வீதி கொள்ளாத ஜனம் இருக்கும். நான் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இத்தனை தலைகளில் ஒருத்தருக்கும் என்னைத் தெரியாதே என்று இருக்கும். அழுகை வரும் என்று நினைத்தால் பசிதான் வரும். மெஸ்ஸுக்கும் அன்றைக்கு லீவு.

கத்திரி வெயிலில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஓர் அட்டை வந்தது. ரங்கூனில் கடை போய்விட்டதால் கப்பலேறி வந்த ஒரு குடும்பம் பரங்கிப்பேட்டையில் பூர்வீக வீட்டுக்கு வருகிறது. ஒரு தாயார், மகன், மருமகள். கப்பலில் மருமகளுக்குக் குளிர்காய்ச்சல் வந்திருக்கிறது. ஏழு மாதக் கர்ப்பம். உடனே ரத்தம் பார்க்கவும்.

பார்த்தேன். மகன் நடையிலேயே விரலைக் கொடுத்தார். சாதுவான மனிதர். “அம்மாவும் வூட்டுலயும் உள்ள இருக்காங்க சார்” என்று திரையைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். தாயாரின் பெயரைச் சொன்னேன், ஒரு விரல் வந்தது. மருமகள் பெயரைச் சொன்னேன், இன்னொரு விரல் வந்தது. கைக்குட்டை, குத்து, தகடு. கடலூர் லேபிலிருந்து பதில் வந்தது, மூன்று பேர் ரத்தத்திலும் ஒன்றுமில்லை என்று. எனக்குச் சந்தோஷம். கோப்பை மூடிவிட்டேன்.

அடுத்த வாரம் அந்தத் தெருவுக்குப் பின்புறச் சந்தில் மருந்தடிக்கிற வேலை நடந்தது. டி.டி.டி. நெடியில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆட்களைத் திட்டிக்கொண்டே போனபோது அந்த வீட்டுக் கொல்லைக் கொடி கண்ணில் பட்டது. கொடி நிறைய ரங்கூன் கம்பளிகள். தடித்தடியாக, நனைந்து, சொட்டிக்கொண்டு. மனுஷன் சட்டைகூடப் போட முடியாத வெயில். இந்த வெயிலில் கம்பளி போர்த்துகிறவர் யார்? மறுநாள் பார்த்தேன், கொடி காலியாக இருந்தது. அதற்கு மறுநாள் மறுபடி கம்பளிகள். ஒரு நாள் விட்டு ஒரு நாள். மலேரியா வருகிற முறையே அதுதான். குளிர் தூக்கிப் போடும், அப்புறம் வேர்த்துக் கொட்டும், மறுநாள் ஒன்றும் தெரியாது. லேப் ஒன்றுமில்லை என்கிறது, கொடி இருக்கிறது என்கிறது.

அடுத்த கம்பளி நாளன்று போய்க் கதவைத் தட்டினேன். மகன் இருந்தார். இன்னொரு தடவை ரத்தம் வேண்டும் என்றேன். திரைக்குப் பின்னால் முணுமுணுப்பு. பிறகு தாயாரின் விரல் வந்தது. குத்தினேன், தகட்டில் தடவினேன். மருமகள் பெயரைச் சொன்னேன். கொஞ்சம் தாமதமாக, புதுக் கைக்குட்டை சுற்றிய விரல் வந்தது. பஞ்சை எடுத்துக் கிட்டே கொண்டுபோனவன் அப்படியே நின்றுவிட்டேன். விரல் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு. நான் இப்போதுதான் குத்திய இடம். ரத்தம்கூட நிற்கவில்லை.

“அம்மா! இந்த விரலைத்தானே இப்பக் குத்தினேன்?”

விரல் சடக்கென்று உள்ளே போயிற்று.

போன தடவை இடது கையும் வலது கையுமாகக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறார். இந்தத் தடவை ஒரே கையை இரண்டு தரம் நீட்டிவிட்டார். ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. இன்னொரு கையால் உள்ளே நடுங்கிக்கொண்டிருந்த பெண்ணை அணைத்துப் பிடித்திருந்தார். காதைக் கொடுத்துக் கேட்டபோது திரைக்கு அந்தப் பக்கம் பல் தந்தியடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது.

எனக்கு வந்ததே கோபம்! நடை அதிரக் கத்தினேன். “என்னம்மா வெளையாட்டு இது? ஒங்க ரத்தத்தப் பாத்து அவுங்களுக்கு மருந்து குடுக்கவா? நான் என்ன பைத்தியக்காரனா?”

மகன் திகைத்துப்போய், “உம்மா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?” என்றார். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

உள்ளிருந்து பதில் சூடாக வந்தது. “சத்தம் போடாதீங்க தம்பி. ஏழு மாசப் புள்ளைத்தாச்சி ஒடம்புல ரத்தம் எடுப்பாங்களா? ரங்கூன்ல இதேபோல மொதப் புள்ளைக்கு ஏழு மாசத்துல காய்ச்சல் வந்துச்சு. ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்தாங்க. மறுநாளே புள்ள போச்சு. இன்னொரு தரம் நான் குடுப்பேனா? ஒரே வூடு, ஒரே சோறு, என் ரத்தமும் அவ ரத்தமும் வேறயா? என்னுதுல பாத்துச் சொல்லுங்க. எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க.”

கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த அம்மாள் ஏமாற்ற வேண்டும் என்று செய்யவில்லை. மருமகளுக்குப் பதிலாகத் தன் ரத்தத்தைக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

நடையில் உட்கார்ந்துவிட்டேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. “அம்மா, ரத்தம் எடுத்ததால அந்தப் புள்ள போகல. இந்தக் காய்ச்சலாலதான் போச்சு. இப்பவும் விட்டீங்கன்னா அதேதான் ஆவும். எங்க ஊரு சேலத்துப் பக்கம், மலையடிவாரம். எங்க அக்கா இதேபோல ஏழு மாசத்துல நடுங்கிக்கிட்டுக் கெடந்தாங்க. ரத்தம் எடுக்கறதுக்கு அப்ப ஒருத்தரும் வரல. அக்காவும் போயிட்டாங்க, புள்ளையும் போயிருச்சு. அதனாலதான் நான் வாசல் வாசலா வந்து ஒங்ககிட்ட ஏச்சு வாங்கிக்கிட்டு நிக்கிறேன்.”

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு துணித் திரையிடம் சொன்னேன்.

பிறகு, “யா அல்லாஹ்” என்ற பெருமூச்சு. திரை அசைந்தது. கைக்குட்டைக்குள்ளிருந்து ஒரு விரல் வந்தது. குச்சி மாதிரி மெலிந்த விரல், நகத்தில் பழைய மருதாணி. துணிக்கு மேலேயே சூடு தெரிந்தது. ஆடிக்கொண்டிருந்த விரலை அந்த அம்மாளின் கை பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டது. என் வேலையில் அவ்வளவு மெதுவாக நான் யாரையும் குத்தியதில்லை.

தபாலில் அனுப்பினால் பதில் வர நாளாகும். தகட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நானே பாசஞ்சர் வண்டியில் கடலூருக்குப் போனேன். லேபில் இருந்தவர் சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இருக்குய்யா. நெறைய இருக்கு” என்றார். டாக்டரிடம் மருந்துச் சீட்டு வாங்கி, மாத்திரைகளோடு மறுநாள் காலை முதல் வண்டியில் திரும்பினேன்.

மாத்திரையை என் கண் முன்னால் விழுங்க வேண்டும் என்பது சட்டம். கண் முன்னால் எப்படி? திரைக்கு வெளியே நின்று காதால்தான் பார்க்க வேண்டும். தம்ளர் சத்தம், தண்ணீர் சத்தம்.

“விழுங்கிட்டாங்களா?”

“விழுங்கிட்டா தம்பி.”

“நீங்க விழுங்கலியே?”

உள்ளே ஒரு சின்னப் பெண் சிரிப்பு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்ட மாதிரி. அந்த மருமகளின் குரலை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அன்றைக்கு முழுக்க அது என் கூடவே வந்தது. மாமியாரும் விடவில்லை. “வாய்க்கொழுப்பு ஜாஸ்தி ஒங்களுக்கு” என்றார்.

பிறகு காத்திருப்பதுதான் பாக்கி. ரத்தத்தில் கிருமி போயிற்று. குழந்தை தங்குமா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. “முன்னாடி ஒரு தரம் போனது. பாப்போம்” என்றார். மகன் கொழும்பில் மாமா கடைக்குப் புறப்பட்டார். அவர் ரத்தத்தைப் பார்த்து, சுத்தம் என்று எழுதித் தலைமன்னாருக்கு அனுப்பினேன். ஓரத்தில், ‘இவர் மனைவிக்குப் பிரசவ நேரம்’ என்றும் எழுதினேன். வழக்கமில்லாத வரி. பதில் அட்டையின் ஓரத்தில், ‘பிறந்ததும் எழுதவும்’ என்று இருந்தது. பார், அந்த மனிதரும் காத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கர்ப்பிணி இருக்கிற வீட்டில் போய்க் காய்ச்சல் இருக்கா என்று தினம் கேட்க எனக்கே வாய் வரவில்லை. பின்புறச் சந்து வழியாகப் போய்க் கொடியைப் பார்த்துவிட்டு வருவேன். கம்பளி இல்லை. அடுத்த முறை, கம்பளி இல்லை. இன்னொரு கம்பளியைப் பார்த்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பேன். ஆடிக் காற்று தொடங்கியது. ஒரு நாள் காலை சந்தில் திரும்பியதும் கொடி நிறைய வெள்ளையாக என்னவோ படபடத்தது. உள்ளங்கை அகலத் துண்டுத் துணிகள், குட்டிச் சட்டைகள். பச்சைப் பிள்ளையின் துணி! சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்று பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. மருந்தடிக்கிற பம்ப் ஆட்கள் என்னைப் பார்த்தால் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றிருப்பார்கள்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. மத்தியானம் மெஸ்ஸில் குழம்பு ஊற்றுகிறவரிடம், “ஒரு வூட்டுல கொழந்த பொறந்திருக்கு” என்றேன்.

“அட! ஒங்களுக்கா சார்?”

“இல்லை.”

“சொந்தக்காரங்களா?”

“இல்லை.”

“அப்பறம்?” என்றார். பதிலுக்குக் காத்திராமல் அடுத்த இலைக்குப் போய்விட்டார். அறைக்குப் போய்த் தலைமன்னாருக்கு எழுதினேன்: ‘பிறந்தது.’

காய்ச்சல் திரும்புகிறதா என்று மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும். இப்போது அந்த அம்மாளே எனக்கு ஏஜெண்ட் ஆகிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் விரல் கொடுக்கத் தயங்கினால் மதில் வழியாகவே, “குடுங்கடி, எறும்பு கடிச்சாப்புல இருக்கும்” என்று சத்தம் போடுவார். குழந்தைக்கும் பார்க்க வேண்டும் என்று சொன்னபோது மட்டும் திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை. பிள்ளைக்கு விரலில் எடுக்க மாட்டோம், குதிகாலில்தான். திரைக்கு வெளியே ஒரு பிஞ்சுக் கால் வந்தது. மோதிரம் போட்ட விரல், மருதாணி விரல் எல்லாம் பார்த்த நடை, ஒரு காலை முதல் தடவையாகப் பார்த்தது.

ஐப்பசி அடைமழை. அன்றைக்கும் அந்தக் கால் வெளியே நீட்டிக்கொண்டு உதைத்துக்கொண்டிருந்தது. நான் நனைந்து வந்திருந்தேன். ஊசியைக் கிட்டே கொண்டுபோனேன். ஊசி ஒரு இடத்தில் நிற்கவில்லை. கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். இரண்டும் சேர்ந்து ஆடின. திரை ஓரமாக அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். கால் உள்ளே போய்விட்டது.

“அந்தக் கையால புள்ளைக்கு ஊசி வைக்காதீங்க. என்ன தம்பி, நடுங்குறீங்க?”

“மழைம்மா. நனைஞ்சுட்டேன்.”

“மழையில நனைஞ்சா பல்லு இப்படியா கிட்டும்? எங்க வூட்டுல பாக்காத நடுக்கமா?” குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ஒங்களுக்குக் காய்ச்சல் இருக்கா?”

அந்தக் கேள்வியை எத்தனை வாசலில் கேட்டிருப்பேன்! கேட்டபோதெல்லாம் ஜனங்கள் சொன்ன பதிலையே நானும் சொன்னேன்.

“இல்லீங்கம்மா.”

“பொய் சொல்றீங்க.”

ஆமாம், பொய்தான். அந்த வாரம் ஏற்கெனவே என் அறையில் ஒரு தடவை இப்படித் தூக்கிப் போட்டிருந்தது. போர்வை போதாமல் பாயைச் சுருட்டி மேலே போட்டுக்கொண்டு கிடந்தேன். சளி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கம்பளி காய்வதைப் பார்த்துக் கவலைப்படச் சந்தில் ஆள் ஏது?

“ரத்தம் எடுங்க” என்றார்.

“எனக்கு நானே குத்திக்க முடியாதும்மா. கை நிக்கல.”

“ஊசிய இப்படித் தாங்க. பஞ்சையும் தாங்க. எத்தன தரம் என்னைக் குத்தியிருக்கீங்க, எனக்குத் தெரியாதா? விரல நீட்டுங்க.”

நடையில் ஒருத்தரும் இல்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் மோதிர விரலைத் திரைக்கு உள்ளே நீட்டினேன். கைக்குட்டையோடு பிடிப்பார் என்று நினைத்தேன். வெறும் கை வந்து பிடித்தது. சுருக்கம் விழுந்த, சொரசொரப்பான, குளிர்ந்த கை. என் மணிக்கட்டை அழுத்தி, நெருப்பாகச் சுடுதே என்று யாரிடமோ சொன்னது. இந்த ஊர்ப்பக்கம் வேலைக்கு வந்ததிலிருந்து என்னை ஒருத்தரும் தொட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டு வந்தது. திரை இருந்தது நல்லதாகப் போயிற்று.

எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. முதல் சொட்டைத் துடைத்தார், அடுத்த சொட்டைத் தகட்டில் தடவினார். எல்லாம் முறைப்படி. தகட்டை வெளியே நீட்டப் போனவர் நிறுத்தினார்.

“இதுல பேரு எழுதணுமே. ஒங்க பேரு என்ன தம்பி?”

சொன்னேன். உள்ளே அவர் மருமகளிடம் அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது.